தேடிய இடத்தில் இல்லாதது

ஒரு கருவி உடைந்துபோவதற்கும் அது வராமலே இருந்துவிடுவதற்கும் உள்ள பேதம் சாமானியமானதல்ல. உடைந்த பொருள் கையில் இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்க்கலாம், விரிசல் எங்கே விழுந்தது என்று ஆராயலாம், குற்றத்தை யார் தலையிலாவது சுமத்தவும் செய்யலாம். வராமற்போன பொருளுக்கோ அங்கமுமில்லை, அடையாளமுமில்லை. லினக்ஸ் கணினியில் எழுத்து வேலை பார்க்கிறவர்கள், அவர்கள் நிரல் எழுதுகிறவர்களாயினும் சரி, புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவர்களாயினும் சரி, என்றேனும் ஒரு நாள் இந்த இரண்டாம் வகைச் சங்கடத்தில் அகப்பட்டே தீருவார்கள். எடிட்டர் திறக்கிறது, எழுத்துகள் விழுகின்றன, கோப்பு சேமிக்கப்படுகிறது, எல்லாம் யதாப்பிரகாரம் நடக்கிறது. சிரமப்பட்டு நிறுவிய ப்ளகின் மட்டும் இல்லை. அது இல்லை என்று சொல்லும் செய்தியும் இல்லை.

இந்த மௌனத்தைக் கணினியின் அலட்சியம் என்று வைவது வழக்கம். என் அபிப்பிராயத்தில் அது யோசித்துச் செய்யப்பட்ட ஏற்பாடு. எடிட்டரைப் படைத்தவருக்கு ப்ளகினை எழுதியவரைத் தெரியாது. இருவரும் வேறு வேறு தேசங்களில், சில சமயம் இருபது வருஷ இடைவெளியில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எழுதியவர்கள். அவர்களுக்குள் உள்ள உடன்படிக்கையெல்லாம், இன்ன இடத்தில், இன்ன பெயரில், இன்ன உருவத்தில் ஒரு கோப்பு இருக்குமானால் அதை எடுத்துப் படிப்பேன் என்ற அளவுதான். இல்லாவிட்டால் சொல்லுவேன் என்பது அந்த வாக்கில் அடங்கவில்லை. அடங்கவும் முடியாது, ஏனெனில் யார் வரவேண்டும் என்பதை அறியாதவன் யார் வரவில்லை என்பதை எங்ஙனம் சொல்லுவான்? அன்றியும், எடிட்டரின் முதற் கடமை எழுதுகிறவனுடைய எழுத்தைக் காப்பது. வெளியார் ஒருவர் வந்து சேரவில்லை என்பதற்காக அது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுமானால், அதைக் காட்டிலும் பெரிய விபரீதம் வேறில்லை.

நம் தர்க்க சாஸ்திரிகள் இந்த விஷயத்தில் மிகுந்த சிரமம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பொருள் இருப்பதைக் கண் சொல்லும். இல்லாததை எது சொல்லும்? குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்ஸகர்களும், பின்னர் அத்வைதிகளும், பிரத்தியக்ஷம் முதலிய ஐந்தோடு அனுபலப்தி என்பதை ஆறாவது பிரமாணமாக வைத்தார்கள். நையாயிகர் அதைத் தனிப் பிரமாணமாக ஒப்பவில்லை. சிவஞான சித்தியாரோ அபாவத்தைப் பெயர் சொல்லி எண்ணிவிட்டு, காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது. கட்சிகள் எப்படியாயினும், அனுபலப்தியைப் பேசியவர்கள் விடாமல் காத்த நிபந்தனை ஒன்று உண்டு. தரையில் குடம் இல்லை என்று நான் சொல்லலாம். ஆனால் குடம் இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும் என்னும் யோக்கியதை அந்த இடத்துக்கும் அந்த வெளிச்சத்துக்கும் இருக்கவேண்டும். இருட்டறையில் குடம் தென்படவில்லை என்பது குடத்தின் இன்மைக்குச் சாட்சியாகாது. ப்ளகின் வரவில்லை என்று முறையிடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நிபந்தனையைத்தான் மறந்துவிடுகிறார்கள். கோப்பு என் கண்முன்னே இருக்கிறதே என்கிறார்கள். இருக்கலாம், எடிட்டரின் கண்முன்னே இருக்கிறதா என்பதே கேள்வி.

எடிட்டரின் கண் எந்தெந்த இடங்களில் படும் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. விம் என்னும் எடிட்டரையே எடுத்துக்கொள்வோம். அதன் மூதாதையான விஐ, பில் ஜாய் என்பவர் 1976-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் எழுதத் தொடங்கியது. ஹாலந்துக்காரரான பிராம் மோலேனார் அதன் சாயலில் அமைந்த ஸ்டீவி என்னும் நிரலை எடுத்து, 1988-ல் தம்முடைய அமிகா கணினிக்காகத் திருத்தத் தொடங்கி, 1991-ல் பிறர் கையில் கொடுத்தார். 1998-ல் வந்த 5-ஆம் பதிப்பு விம்முக்குச் சொந்தமான ஒரு ஸ்கிரிப்ட் மொழியைத் தந்தது. 2001-ல் வந்த 6-ஆம் பதிப்பு, ப்ளகின் என்ற பெயருள்ள கோப்புறையில் கிடப்பவற்றைத் தானே எடுத்துப் படித்துக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தியது. 2016-ல் வந்த 8-ஆம் பதிப்பு பேக்கேஜ் என்னும் புது முறையைச் சேர்த்தது. பழைய வழிகளை அடைக்காமலே புது வழிகளைத் திறந்துகொண்டு போனதால், இன்று விம் எழுந்தவுடன் முதலில் பயனருடைய இல்லத்திலும், பிறகு கணினி முழுமைக்கும் பொதுவான இடத்திலும், பிறகு தன்னோடு கூடவே வந்த கோப்புகளின் இடத்திலும், கடைசியாக மற்றவர்கள் பேசி முடித்தபின் பேசவேண்டியவர்களுக்கென்று ஒதுக்கிய ‘ஆஃப்டர்’ கோப்புறைகளிலும் போய்ப் பார்க்கிறது. இந்த வரிசைக்கு ரன்டைம்பாத் என்று பெயர். அதை விம்மிடமே கேட்டால் காற்புள்ளி இட்டுப் பிரித்து ஒப்பித்துவிடும், கேட்கிறவர்கள்தாம் குறைவு.

பேக்கேஜ் முறையில் ஒரு ப்ளகினை வைக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இல்லக் கோப்புறையில், பெயருக்கு முன்னே புள்ளி இட்டு மறைத்த விம் என்னும் கோப்புறை, அதனுள் பேக், அதனுள் நீங்கள் இஷ்டப்படி பெயரிட்டுக்கொள்ளும் ஒன்று, அதனுள் ஸ்டார்ட், அதனுள் ப்ளகினின் சொந்தப் பெயரில் ஒன்று, அதனுள் ப்ளகின் என்னும் கோப்புறை, அதனுள்ளேதான் கோப்பு. இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிவிட்டாலும், அதாவது இஷ்டப் பெயருக்கான படி எதற்கு என்று நினைத்து ஸ்டார்ட்டை நேரே பேக்குக்குள் வைத்துவிட்டாலும், கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும். விம் அதைக் காணாது. ஒரு வார்த்தை சொல்லவும் சொல்லாது. ஸ்டார்ட்டுக்குப் பதிலாக ஆப்ட் என்று இருந்தாலோ, அழைத்தால் மட்டும் வருவேன் என்ற சங்கல்பத்தோடு அது காத்திருக்கும். விண்டோஸில் பழகி வந்தவர்களுக்கு இன்னொரு கஷ்டம்: அங்கே ப்ளகின் என்பதன் முதலெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் ஒரே கோப்புறைதான், லினக்ஸில் அவை இரண்டு கோப்புறைகள், ஒன்றுக்கொன்று உறவில்லாதவை.

ஆகவே ஆராய்ச்சி தொடங்கவேண்டிய இடம் வட்டு அன்று, எடிட்டரின் ஞாபகம். விம்மில் ஸ்கிரிப்ட்நேம்ஸ் என்று ஒரு கட்டளை உண்டு. அன்று எழுந்தது முதல் தான் படித்த கோப்புகள் எல்லாவற்றையும் படித்த கிரமத்தில், எண்ணிட்டு, முழு முகவரியோடு சொல்லிவிடும். இந்தப் பட்டியலில் ஒரு கோப்பு இல்லையென்றால் அதை விம் படிக்கவில்லை என்பது நிச்சயம்; யோக்கியதையுள்ள அனுபலப்தி என்பது இதுதான். அப்போது குற்றம் இடத்தைப் பற்றியது. பட்டியலில் பெயர் இருந்து வேலை மட்டும் நடக்கவில்லையென்றால் குற்றம் கோப்பின் உள்ளே இருக்கிறது. இந்த ஒரு கேள்வி விசாரணையைச் சரிபாதியாகப் பிளந்துவிடுகிறது. இதைக் கேட்காமல், ஒருவர் சொன்னார் என்று அழித்து மறுபடி நிறுவுவதும், இன்னொருவர் சொன்னார் என்று ப்ளகின் மேலாளர் நிரலை மாற்றுவதும் வைத்தியமாகா.

பட்டியலில் பெயர் இருந்தும் வேலை நடவாததற்கு ஒரு காரணம் ரசமானது. பல ப்ளகின்களின் தலைமாட்டில் இரண்டு மூன்று வரிகள் காவலுக்கு நிற்கும்: நான் ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டேனா, அப்படியானால் முடி, பைத்தான்3 இந்த விம்மில் உண்டா, இல்லையேல் முடி. விம் கோப்பைத் திறக்கிறது, மூன்றாவது வரியில் ‘முடி’ என்ற ஆக்ஞையைக் காண்கிறது, பணிவோடு மூடிவிடுகிறது. டெபியன் குடும்பத்தில் அடிப்படையாகக் கிடைக்கும் விம்-டைனி என்னும் சிறு உருவத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. வட்டில் இடம் மிச்சப்படுத்துவதற்காக ஸ்கிரிப்ட் மொழியையே அதிலிருந்து கழற்றியிருக்கிறார்கள்; அது ‘இஃப்’ என்ற சொல்லைக் கண்டால், நிபந்தனை என்னவென்று பார்ப்பதற்குக்கூட அதற்கு அறிவில்லாதபடியால், ‘என்டிஃப்’ வரும்வரை உள்ள அனைத்தையும் தாண்டிப் போய்விடும். இதுவும் ஆவணத்தில் எழுதிவைத்தே செய்யப்பட்ட காரியம். புதிய சர்வர் ஒன்றில் தம் பழைய விம் அமைப்புக் கோப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதில் பாதி உயிரோடும் பாதி உயிரில்லாமலும் இருப்பதைக் கண்டு திகைக்கிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது விம்மின் வெர்ஷன் கட்டளையைத்தான். கூட்டல் குறியிட்டவை உண்டு, கழித்தல் குறியிட்டவை இல்லை. ஸ்கிரிப்ட் மொழிகளோடு கூடிய விம்-நாக்ஸ் என்ற உருவத்தை நிறுவினால் அந்தக் கழித்தல்களில் பல கூட்டல்களாகிவிடும்.

மௌனமாக இராமல் உரக்கப் பேசியும் குழப்புகிற பிழை ஒன்று உண்டு. விம் திறந்தவுடன் திரையின் அடியில் ஈ492 என்ற எண்ணோடு, இது எடிட்டர் கட்டளையன்று என்ற புகார் வருகிறது. எது கட்டளையன்று என்று பார்த்தால், ஒரு கூரைக்குறியும் எம் என்ற ஆங்கில எழுத்தும் மட்டும் நிற்கின்றன. புகாரில் சொன்ன வரி எண்ணுக்குப் போனால், அங்கே வரி காலியாக இருக்கிறது. காலி வரி எப்படிக் கட்டளையாகும்? அது காலி வரியன்று என்பதே விடை. விண்டோஸில் உண்டான கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு மறைக்குறிகள் இருக்கும்; லினக்ஸில் ஒன்றுதான். எஞ்சிய அந்த ஒற்றைக் குறியை லினக்ஸ் விம் எழுத்தாகப் பாவிக்கிறது. குறிப்புரை வரியின் வாலில் அது ஒட்டிக்கொண்டிருந்தால் தெரிவதில்லை, குறிப்புரையைத்தான் யாரும் நிறைவேற்றுவதில்லையே. எழுத்தே இல்லாத வரியில் அது தனியாக நிற்கும்போது, அதுவே கட்டளையென்று விம் எடுத்துக்கொண்டு, இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது என்கிறது. டாஸ்2யூனிக்ஸ் என்ற சிறு நிரல் ஒரு விநாடியில் இதைச் சுத்தி செய்துவிடும். வெற்றிடம் என்று கண் சொன்ன இடத்தில் ஒரு பொருள் இருந்தது என்பதால், இதை நம் விசாரணையின் மறுபக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் இளைஞர் ஒருவர், சந்திப்பிழைகளைச் சுட்டிக்காட்டுவதற்காகத் தாம் அமைத்துவைத்திருந்த ப்ளகின் திடீரென்று நின்றுவிட்டது என்று என்னிடம் வந்தார்.

“சார், நான் எதையுமே தொடலை. போன வாரம் வரைக்கும் வந்துச்சு.”

“தம்பி, மெஷினை நடுவுல அப்டேட் பண்ணீங்களா?”

“அது அதுவா கேட்டுச்சு சார். சரின்னு சொன்னேன்.”

அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. அவர் எதையும் தொடவில்லை. இயங்குதளம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டபோது பைத்தான் 3.10 போய் 3.12 வந்திருந்தது. அவருடைய ப்ளகினுக்கு வேண்டிய பைத்தான் நூலகம், இல்லக் கோப்புறையில் லோக்கல், லிப் என்ற படிகளுக்குக் கீழே, பைத்தான்3.10 என்றே பெயர் எழுதிய கோப்புறையில் முன்போலவே இருந்தது. புதிய பைத்தானோ பைத்தான்3.12 என்று பெயர் எழுதிய கோப்புறையைத் தேடிப் போய், அப்படி ஒன்று இல்லாததைக் கண்டு திரும்பிவந்திருந்தது. இரண்டுக்கும் இடையே வட்டில் தூரம் என்பதே கிடையாது. பக்கத்துப் பக்கத்துப் பெயர்கள். பைத்தான் பதிப்புக்குப் பதிப்பு தன் நூலகங்களைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நியாயமான ஏற்பாடுதான், ஏனெனில் ஒரு பதிப்புக்காகக் கட்டப்பட்ட இயந்திரக் கோப்பு அடுத்ததில் ஓடாமற் போகலாம். அதே நூலகத்தைப் புதிய பைத்தானுக்காக மறுபடி நிறுவியதும் ப்ளகின் வந்துவிட்டது. எல்லாருக்கும் இப்படிச் சுலபமாக முடிவதில்லை. 2023-ல் வந்த அந்த 3.12, இம்ப், டிஸ்ட்யுடில்ஸ் என்ற இரண்டு பழைய கூறுகளை அடியோடு நீக்கிவிட்டபடியால், அவற்றை இறக்குமதி செய்து எழுதப்பட்ட ப்ளகின்கள் சரியான இடத்தில் இருந்தும் முதல் வரிகளிலேயே விழுந்துவிடும். அங்கே நிறுவிப் பயனில்லை, நிரலைத் திருத்தவேண்டும்.

க்னோம் மேசைத்திரையோடு வந்த ஜீஎடிட் என்னும் எடிட்டரின் கதை இதற்கு மூத்தது. 2011-ல் க்னோம் 3 வந்தபோது, ஜீஎடிட் தன் ப்ளகின்களை லிப்பீஸ் என்னும் நூலகத்தின் வசம் ஒப்படைத்தது. அன்றைக்குப் பழைய ப்ளகின்கள் அத்தனையும் பயனற்றுப் போயின. பைத்தான் 3 அதற்கு முன்பே, 2008 டிசம்பரில், வெளிவந்திருந்தது. ஜீஎடிட்டும் சில வருஷங்களில் அதற்கு மாறிற்று. ஒவ்வொரு ப்ளகினோடும் கூடவரும் சிறிய அறிமுகக் கோப்பில் லோடர் என்று ஒரு வரி உண்டு. அதில் பைத்தான் என்று இருந்தால் ஏற்றுபவர் கிடைக்கவில்லை என்று லிப்பீஸ் கைவிரிக்கும். பைத்தான்3 என்று இருந்தால் ஏற்றிக்கொள்ளும். ஓர் இலக்கத்தைச் சேர்த்தவுடன் எழுந்து நின்ற ப்ளகின்களும் உண்டு, உள்ளே இருந்த நிரல் பழைய மொழியிலேயே இருந்தபடியால் ஓர் அடி வைத்துவிட்டு விழுந்தவையும் உண்டு. இந்தக் கைவிரிப்பை மெனுவிலிருந்து ஜீஎடிட்டைத் திறக்கிறவர் கேட்பதில்லை; டெர்மினலில் பெயரைத் தட்டித் திறந்தால், எச்சரிக்கை அந்த டெர்மினலிலேயே வந்து விழும். எந்த வரைகலை எடிட்டரானாலும், அது ஏன் பேசவில்லை என்று நொந்துகொள்வதற்கு முன், அதை டெர்மினலிலிருந்து ஒரு தடவை திறந்து பார்க்கவேண்டும்.

அப்படித் திறந்து பார்க்கையில் ப்ளகின் நல்லபடியாக வந்துவிட்டால்? பலருக்கு அப்படித்தான் ஆகிறது. டெர்மினலில் திறந்தால் வருகிறது, மெனுவில் சொடுக்கித் திறந்தால் வரவில்லை. அதே மனிதர், அதே எடிட்டர், அதே கோப்பு. வேறுபட்டது வாசல் ஒன்றே. பாஷ் என்னும் ஷெல்லுக்காக நாம் எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பை, அந்த ஷெல் மனிதரோடு பேச உட்காரும்போதுதான் படிக்கிறது. அதில், நிரல்களைத் தேடவேண்டிய இடங்களைச் சொல்லும் பாத் என்ற மாறிக்கு நாம் சேர்த்த கோப்புறைகள் டெர்மினலுக்கும் அதன் சந்ததிக்கும் மட்டுமே பாத்தியமானவை. மேசைத்திரையின் மெனு அந்த வம்சத்தில் பிறந்ததன்று. ஆகவே ப்ளகின் தனக்குத் துணையாக அழைக்கும் சொற்பிழை திருத்தி போன்ற வெளி நிரல், ஒரு வாசலில் கைக்கெட்டும் தூரத்திலும் மறு வாசலில் இல்லாத பொருளாகவும் இருக்கிறது. ஈமேக்ஸ் என்னும் எடிட்டரைக் கையாளுகிறவர்கள் இதற்கென்றே, ஷெல்லிடம் போய்ப் பாதையை விசாரித்துக்கொண்டு வரும் ப்ளகின் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒரு ப்ளகின் வருவதற்கு இன்னொரு ப்ளகின் முன்னே போகவேண்டியிருக்கிறது.

அதிகாரம் பெற்றுத் தரும் சூடோ கட்டளையைப் போட்டு எடிட்டரைத் திறப்பதும் இந்த வகைதான். ரூட் என்னும் அதிகாரியாக மாறியவுடன், பல கணினிகளில் இல்லமும் மாறிவிடுகிறது. எடிட்டர் ரூட்டின் இல்லத்தில் ப்ளகின்களைத் தேடி, அங்கே ஒன்றுமில்லாததால் வெறுமையாக எழுகிறது. இல்லம் மாறாத கணினிகளில் விளைவு வேறு விதம்: ரூட் எழுதிவிட்டுப் போன கோப்புகள் ரூட்டுக்கே சொந்தமாகி, மறுநாள் நாம் நாமாகத் திறந்து மூடும்போது விம்இன்ஃபோ கோப்பில் எழுத முடியவில்லை என்ற ஈ137 புகாராக வந்து நிற்கும். அதிகாரம் வேண்டிய கோப்பைத் திருத்துவதற்கு சூடோஎடிட் என்ற தனி வழி இருக்கிறது. அதில் எடிட்டர் நம்முடையதாகவே, நம் ப்ளகின்களோடு திறக்கும். ஃப்ளாட்பேக் வழியாக நிறுவிய எடிட்டரோ தனக்கென்று வேறொரு இல்லத்தையே கட்டிக்கொண்டு, இல்லக் கோப்புறையில் புள்ளியிட்டு மறைத்த வார் என்பதனுள் ஆப் என்ற இடத்தில் தன் உடைமைகளை வைத்துக்கொள்கிறது. கணினியின் பொதுவான நிரல்களை அது வெளியே வந்து பார்ப்பதில்லை. பாதுகாப்புக்காகக் கட்டிய சுவர் அது. பாதுகாப்பும் வேண்டும், சுவருக்கு அப்பாலுள்ள சொற்பிழை திருத்தியும் வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து கிடைப்பது கடினம்.

இத்தனையிலும் விடை கிடைக்காதவர்களுக்கு எஸ்ட்ரேஸ் இருக்கிறது. ஒரு நிரல் கர்னலிடம் கேட்கும் கேள்விகளையும் கர்னல் சொல்லும் பதில்களையும் வரி வரியாக எழுதிக் காட்டும் நிரல் அது. எந்தக் கோப்புகளைத் திறக்க முயன்றது என்பதை மட்டும் காட்டும்படி சொல்லிவிட்டு எடிட்டரை எழுப்பினால், திரையில் ஓடுவது ஒரு மகத்தான இன்மைப் பட்டியல்: இங்கே கேட்டேன், இல்லை; அங்கே கேட்டேன், இல்லை; இன்னொரு இடத்தில் கேட்டேன், இல்லை. புதிதாகப் பார்க்கிறவருக்குப் பயம் பிடித்துக்கொள்ளும், நம் கணினியில் எதுவுமே இல்லையோ என்று. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நிரபராதமான இன்மைகள். பத்து இடங்களில் தேடி ஒரு இடத்தில் கண்டெடுப்பது நிரல்களின் சகஜ சுபாவம். நமக்கு வேண்டியது, நம் ப்ளகினின் பெயரைச் சொல்லி எங்கெங்கே போய்க் கேட்டது, எந்த இடத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டது என்பதுதான். பதிலின் எண்ணையும் கவனிக்கவேண்டும். 2 என்றால் அப்படி ஒரு கோப்பு இல்லை; 13 என்றால் இருக்கிறது அல்லது இருக்கலாம், ஆனால் உனக்கு அனுமதியில்லை. சூடோ போட்டு அவிழ்த்த ப்ளகின் மூட்டையில் இந்த 13 அடிக்கடி தலைகாட்டும். எடிட்டர் இரண்டையும் ஒரே மௌனத்தால் மூடிவிடுகிறது. கர்னல் ஒருபோதும் மூடுவதில்லை.

கர்னலின் பதிலிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. ப்ளகினோடு கூட ஒரு சிறு பைத்தான் நிரல் வருகிறது. அது அங்கே இருக்கிறது, ஓடும் அனுமதியும் இருக்கிறது. ஆனாலும் அதை ஓட்டப் போனால், அப்படி ஒரு கோப்பு இல்லை என்ற 2 வருகிறது. இல்லாதது அந்த நிரலன்று. அதன் முதல் வரி, என்னை ஓட்டுவதற்கு இன்ன இடத்திலுள்ள பைத்தானை அழை என்று சொல்கிறது. பழைய பைத்தான் 2-ன் ஆதரவு 2020 ஜனவரி முதல் தேதியோடு நின்றபின், எண்ணில்லாத வெறும் பைத்தான் என்ற பெயரில் பல கணினிகளில் ஒன்றும் இல்லை, பைத்தான்3 மட்டுமே இருக்கிறது. எதன் இன்மை அறிவிக்கப்படுகிறதோ அது ஒன்று, எது மெய்யாக இல்லையோ அது வேறு.

தேடும் கலையின் மற்றோர் உபாயம், எல்லாவற்றையும் துறந்து தொடங்குவது. விம்முக்கு க்ளீன் என்ற சொல்லையும் ஈமேக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் க்யூ என்ற குறியையும் சேர்த்து எழுப்பினால், பயனருடைய அமைப்பு எதையும் படியாமல் பிறந்த மேனியாக அவை எழும். அப்போதும் குறை இருந்தால் குறை நம்முடையதன்று. இல்லையென்றால், ப்ளகின்களைப் பாதி பாதியாகச் சேர்த்துப் பார்க்கலாம், முப்பத்திரண்டு ப்ளகின் இருந்தாலும் ஐந்து பிளப்பில் குற்றவாளி ஒன்று அகப்படும். ஈமேக்ஸில் ஒரு தனி விசேஷம் உண்டு: மூலக் கோப்பைத் திருத்திவிட்டு, முன்னே தொகுத்துவைத்த கோப்பை அப்படியே விட்டுவிட்டால், அது வழக்கமாகப் பழைய தொகுப்பையே ஏற்றிக்கொள்ளும். மூலம் புதியது, நான் பழையதை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரியும் சொல்லும். அந்த வரியைப் படிக்கிறவர் இல்லை.

தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சி என்ற ஓர் எழுத்தை லோகேலாகக் கொண்ட சூழலில் எழுந்த பழைய பைத்தான், ஆஸ்கி அல்லாத எழுத்தை அச்சிடப் போய் விழுந்துவிடும். தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் தொட்ட ப்ளகின் அதோடு போய்விடும். 2018-ல் வந்த 3.7 இந்தச் சூழலிலும் யூடிஎஃப்-8 ஆகவே நடந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. அதற்கு முந்திய பைத்தானில் நின்றுவிட்ட சர்வர்களில் லோகேலை நாமே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, ப்ளகினே வேண்டாம் என்று சொல்லுகிற கட்சி ஒன்று உண்டு. 2022-ல் வந்த க்னோம் 42, ஜீஎடிட்டின் ஆசனத்தில் டெக்ஸ்ட் எடிட்டர் என்றே பெயரிட்ட புதியதொன்றை அமர்த்தியது. அதில் ப்ளகின் என்ற ஏற்பாடே கிடையாது. ஏற்றப்படாத ப்ளகின் என்ற வியாதி அதற்கு ஒருகாலும் வராது. அந்த ஆரோக்கியம் எனக்கு வேண்டியதில்லை. சந்திப்பிழையைச் சுட்டும் ஒரு ப்ளகினைத் தமக்குத் தாமே அமைத்துக்கொள்ள அந்த மெய்ப்பு இளைஞருக்கு இடமிருந்தது என்பதை, அது ஒரு வாரம் வராமலிருந்தது என்பதைக் காட்டிலும் நான் பெரிதாக எண்ணுகிறேன். பிராம் மோலேனார் 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி காலமானார். 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பை அவருக்குச் சமர்ப்பித்தார்கள். கோப்பு எதையும் கொடுக்காமல் திறந்தால் யுகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்கும் அவருடைய விம்மும், அவர் முகமறியாதவர்கள் எழுதிய ப்ளகின்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ப்ளகின் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. எடிட்டர் மௌனமாக இருப்பதற்கு நியாயம் உண்டென்று மேலே சொன்னேன். யார் வரவேண்டும் என்று அதற்குத் தெரியாது. உங்களுக்கு அந்த நியாயம் இல்லை. உங்களுக்கு என்ன வேண்டும், எது கிடைக்கவில்லை என்பது உங்கள் மூன்றாவது வரிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே ‘முடி’ என்று எழுதிவிட்டுப் போகிறீர்கள். அதற்கு முந்திய வரியில், இன்ன நூலகம் வேண்டும், இன்ன இடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் பிறகு முடியுங்கள். அதற்கான எக்கோமெசேஜ் என்னும் கட்டளை விம்மில் இருக்கிறது. அது சொல்லுகிற வரி திரையிலிருந்து மறைந்த பின்னும், மெசேஜஸ் என்று கேட்டால் மறுபடி கிடைக்கும்.